குலுக்கி ஊற்றியது

எங்கள் லேபில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்காது. எந்தப் பொருளோடு மல்லுக்கட்டுகிறோமோ, வந்த மாதமே அதன் பெயர் நம் மேல் ஒட்டிக்கொள்ளும். பசைகளை இழுத்துப் பிய்த்து அளப்பவன் நான். என் பெயர் கோந்து. கூழ்மத்தோடு ஏழு வருடம் குடித்தனம் நடத்தியவர் கூழக்கா. அவருக்கு முன்னால் அதே கூழ்மத்தில் வேலை பார்த்துப் பட்டம் வாங்கிக்கொண்டு போனவர் பெரிய கூழ். எங்கள் நெறியாளரை மட்டும் சார் என்றே கூப்பிடுவோம். அவர் எந்தப் பொருளையும் கையால் தொட்டு இருபது வருடம் ஆகிறது.

கூழ்மம் என்பது பள்ளிக்கூடத்தில் படித்து மறந்த சொல்லாக இருக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் பொடிப்பொடியான பிளாஸ்டிக் மணிகள். ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு மணிகளை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு பொடி. அளவாக உப்புச் சேர்த்தால் மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாட்டில் முழுக்க வலை பின்னிவிடும். பாட்டிலைச் சாய்த்தாலும் வழியாது. ஓங்கிக் குலுக்கினால் வலை அறுந்து தண்ணீராகிவிடும். சும்மா வைத்தால் மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பிக்கும். ஆகவே எங்கள் தொழிலில் கூழ்மத்தின் வயதைத் தயாரித்த நாளிலிருந்து எண்ணுவதில்லை; கடைசியாகக் குலுக்கிய நிமிடத்திலிருந்து எண்ணுவோம். ஒரு வருடம் அலமாரியில் கிடந்த பாட்டிலை இன்று காலை குலுக்கினால், அதற்குப் பிறந்தநாள் இன்று காலைதான். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடந்த கூத்தெல்லாம் இதை வைத்துத்தான்.

கூழக்காவின் வேலை அந்த வலையை முறுக்கிப் பார்ப்பது. நாலு தகடு வைத்த சின்னத் துடுப்பு ஒன்று கூழ்மத்துக்குள் நிற்கும். மெஷின் அதை ஒரே அளவு விசையில், மிக மெல்லத் திருகிக்கொண்டே இருக்கும். கூழ்மம் அசையாது. நிற்கும், நிற்கும், பிறகு எந்த அறிவிப்பும் இல்லாமல் ஒரு நொடியில் விட்டுக்கொடுத்துவிடும். எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது என்பதே கணக்கு. பிறந்து சில மணி நேரமான கூழ்மம் முக்கால் மணி நேரம் தாங்கும். மூன்று நாள் வயதானது ஆறு மணி நேரம் தாங்கும். ஒன்பது நாள் வயதானது மறுபடி முக்கால் மணி நேரம்தான். வயது ஏற ஏற பலப்படுகிற கூழ்மம், ஒரு கட்டத்துக்கு மேல் தளர்ந்துபோகிறது என்பதுதான் அக்காவின் ஆய்வேடு. படம் போட்டால் கோடு ஏறி இறங்கும். அதை நாங்கள் மலை என்போம். அந்த மலைக்காக அவருக்கு ஒரு நல்ல ஆய்விதழில் கட்டுரை வந்தது. அந்த மலைக்காக வேறொரு ஊரில் ஒரு கல்லூரி விரிவுரையாளர் வேலை கொடுத்தது. முதல் தேதி சேர வேண்டும், கையில் முனைவர் பட்டத்தோடு.

மலையின் ஏறுகிற பக்கம் அக்கா அளந்தது. இறங்குகிற பக்கம் பெரிய கூழின் பழைய நோட்டிலிருந்து எடுத்தது. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். துடுப்பைக் கூழ்மம் பிறக்கும்போதே இறக்கிவிட வேண்டும், பிறகு இறக்கினால் அதுவே ஒரு குலுக்கல். அதாவது எத்தனை நாள் வயதோ அத்தனை நாள் மெஷினைப் பிடித்துவைக்க வேண்டும். மெஷின் ஒன்று, ஆட்கள் நாலு பேர், கதவில் ஒட்டியிருக்கும் தாளில் நாளுக்கு ஒரு கட்டம், ஆளுக்குத் தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் பெயர் எழுதக் கூடாது. பெரிய கூழின் காலத்தில் லேபில் அவர் ஒருவர்தான். ஒன்பது நாளும் வைத்துத்தான் அளந்திருப்பார் என்று எல்லோரும் நம்பினோம்.

நான் செய்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்துத் திடுக்கிடச் செய்யும் உத்தேசம் எனக்கில்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தபோது, என் வேலைக்கு ஏதோ ஒரு எண் தேவைப்பட்டு அந்தப் பழைய நோட்டைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் 'வயது' என்ற பத்தியில் ஒன்பது நாள் என்று இருந்தது. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி: 'காலை குலுக்கி ஊற்றியது'. மூன்று தடவை படித்தேன். காலையில் குலுக்கினால் வயது ஒன்பது நாளா, இரண்டு மணி நேரமா? மனிதர் பாட்டில் தயாரித்த நாளிலிருந்து எண்ணியிருக்கிறார். எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான் எண்ணினார் என்றால் மலைக்கு இறங்குகிற பக்கமே கிடையாது. அது கிழட்டுக் கூழ்மம் தளர்ந்ததல்ல, பிறந்த குழந்தை நிற்க முடியாமல் விழுந்தது. ஆனால் அந்த வரி இருந்தது ஒரே ஒரு பக்கத்தில். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நோட்டை மூடினேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. முந்தின வாரம்தான் துடுப்பைக் கழுவாமல் வைத்ததற்காக எல்லார் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அது ஒரு காரணம். நமக்கெதற்கு வம்பு என்பது இன்னொன்று. அவர் கிளம்பிப் போனால் கதவுத் தாளில் அவருடைய கட்டங்கள் எனக்கு வரும் என்பதும் இருந்தது. மூன்றில் எது பெரிய காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆய்வேடு போனது. இரண்டு மாதம் கழித்து, வாய்மொழித் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, அச்சான பிரதி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நன்றியுரையில் என்னைப் பற்றி ஒரு வரி: 'என் ஒவ்வொரு அட்டவணையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த தம்பிக்கு.' ஓங்கி அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. மறுநாள் காலை எட்டு மணிக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.

அக்கா அந்த வரியைப் படித்தார். நோட்டை மூடி, மறுபடி திறந்து, மறுபடி படித்தார்.

"எப்ப பார்த்தே?"

"நேத்துதான்க்கா."

அவர் விரல் நோட்டின் ஓரத்தில் இருந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்குப் பத்து மணிக்கு ஊத்தினா, ஒன்பது நாள் முடிஞ்சு ரெண்டு நாள் மிச்சம். முக்கால் மணி நேரத்துல அறுந்தா பெரிய கூழ் சொன்னது சரி. ஆறு மணி நேரத்தைத் தாண்டினா நான் காலி."

"அண்ணனுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டா?"

போட்டோம். பெயின்ட் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருக்கும் பெரிய கூழ் அரை மணியில் பதில் அனுப்பினார். பத்து வருடம் ஆகிவிட்டது, நினைவில்லை, ஆனாலும் தான் தப்பாக எழுதியிருக்க வாய்ப்பில்லை என்றிருந்தது. அக்கா அதைப் படித்துவிட்டுக் கதவுத் தாளிடம் போனார். அடுத்த ஒன்பது நாளில் அவருக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஆறு என்னுடையவை, மூன்று இன்னொரு பெண்ணுடையவை. அந்தப் பெண் உடனே கொடுத்துவிட்டாள். நானும் கொடுத்தேன், மென்று முழுங்கிக்கொண்டு.

பத்து மணிக்கு அக்கா பாட்டிலைக் குலுக்கினார். தோள் இறங்கிப்போகும் அளவுக்குக் குலுக்கி, கிண்ணத்தில் ஊற்றி, துடுப்பை இறக்கி, மேலே எண்ணெய் ஒரு படலம் விட்டு மூடினார். மெஷின் ஒரு கல் மேசையின் மேல் இருக்கிறது. கதவைச் சாத்தினால்கூட அந்த மேசைக்குத் தெரியும். இதனாலேயே அக்கா எந்தக் கதவையும் இரண்டு கையாலும் பிடித்துத்தான் சாத்துவார், தன் வீட்டுக் கதவாக இருந்தாலும், வாடகைக் காரின் கதவாக இருந்தாலும். ஓட்டுநர்கள் கதவு சரியாக மூடவில்லை என்று இறங்கி வந்து மறுபடி அறைவார்கள்.

அன்று எங்கள் தாழ்வாரத்தில் பழைய டைல்ஸைப் பெயர்க்கிற வேலை ஆரம்பமாகியிருந்தது. அக்கா நேராக மேஸ்திரியிடம் போனார்.

"ஒன்பது நாள் இந்தப் பக்கம் டிரில் போடாம இருக்கணும், மேஸ்திரி."

"ஏம்மா, உள்ள யாருக்காவது ஆபரேஷனா?"

"ஒரு கிண்ணம் சும்மா நிக்கணும்."

"சும்மா நிக்கிற கிண்ணத்துக்காக நாங்க பத்துப் பேரு சும்மா நிக்கணுமா? நல்லா இருக்கே கதை!"

அக்கா கோபப்படவில்லை. "நீங்க தளம் போட்டு, அது இறுகிறதுக்குள்ள மேல ஒருத்தன் குதிச்சா என்ன பண்ணுவீங்க?"

"காலை ஒடிப்பேன்."

"என்னோடதும் இறுகிட்டு இருக்கு. உங்க டிரில் அதுமேல குதிக்குது."

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். "இத முதல்லயே சொல்றதுக்கென்ன? பின்பக்கத்தை முடிச்சிட்டு வரேன். ஒன்பது நாள். அதுக்கு மேல கேக்காதீங்க."

சாரிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவர் மதில் மேல் பூனையாகும்போது செய்வது. "அளக்கிறதை நான் தடுக்கலைம்மா. ஆனா ஒரே ஒரு அளவை வச்சு ஏழு வருஷத்தைக் கவுத்திடக் கூடாது. வைவாவுல இதைப் பத்திப் பேச்செடுக்காதே. பட்டம் வாங்கு, வேலையில சேரு, அப்புறம் பொறுமையா ஒரு திருத்தக் குறிப்பு எழுதுவோம்."

"அந்த வேலையே இந்தப் படத்துக்காகக் கொடுத்தது சார்."

"அதனாலதான் சொல்றேன்," என்றார் சார். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நாலாம் நாள் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க அக்காவின் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறை வீடு, முழுக்கக் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள். அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். இந்த ஊர் வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு, புது ஊரில் வேலை பேசி முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். முன்பல் இரண்டு விழுந்த ஆறு வயது மகள், பெட்டிகளின் மேல் புதுப் பள்ளிக்கூடத்தின் பெயரை வண்ண வண்ணமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி," என்றார் மாமா. அக்காவின் கணவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "உங்க அக்கா என்ன வேண்டிக்கிறா? அது அறுந்து போகணும்னா, அறுந்து போகாம நிக்கணும்னா?"

"அறுந்தாத்தான் நல்லது மாமா."

"அறுந்து போகலைன்னா?"

அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார். "அறுந்து போகலைன்னா போய்ச் சொல்லுவேன்."

"யாரு கேட்டா? உன்னை யாராவது கேட்டாங்களா?" மாமாவின் குரல் உயர்ந்தது. "கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லி, என் வேலையும் போயி, உன் வேலையும் போயி, இந்தப் பெட்டி மேலயே மூணு பேரும் குடித்தனம் நடத்தலாமா?"

அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். "நாளைக்கு ஒரு பொண்ணு என் படத்தை நம்பி ஏழு வருஷம் இதுல உழைப்பா. நான் பெரிய கூழை நம்பின மாதிரி. அவகிட்ட நான் என்ன சொல்றது?"

"என்கிட்ட என்ன சொல்லப்போறே?" என்றார் மாமா. நான் ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

பத்தாம் நாள் காலை. சரியாகப் பத்து மணிக்கு அக்கா விசையைக் கொடுத்தார். திரையில் ஒரு கோடு, படுத்த மேனிக்கு ஊர்ந்தது. வலை அறுந்தால் கோடு செங்குத்தாக எழும்பும். நாங்கள் இருவரும் கல் மேசையைத் தொடாமல், ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம். முப்பது. அக்காவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எண்களை எண்ணினாரா, கெஞ்சினாரா தெரியாது.

நாற்பதாவது நிமிடம் டிரில் அலறியது.

எங்கள் கதவுக்கு நாலு அடி தள்ளி. திரையில் கோடு நடுங்கத் தொடங்கியது. ஒரு கணம் நான் சந்தோஷப்பட்டேன் என்பதை ஒளிக்கப்போவதில்லை. முக்கால் மணி நேரத்துக்கு இன்னும் ஐந்து நிமிடம்தான். இப்போது அறுந்தால், பெரிய கூழ் சொன்ன நேரத்துக்கே அறுந்தது என்று எழுதிக்கொள்ளலாம். டிரில் போட்டது மேஸ்திரி, எங்கள் கை சுத்தம். பட்டம், வேலை, பெட்டிகள், எல்லாம் தப்பித்துவிடும்.

அக்கா எழுந்து ஓடினார். ஓடும் அவசரத்திலும் கதவை இரண்டு கையால்தான் சாத்தினார்.

கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. அக்கா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டிரில்லுக்கு முன்னால் போய் நின்றார். மேஸ்திரி விரல் விட்டு எண்ணிக் காட்டினார். பேசிய நாளையும் சேர்த்து எண்ணியிருக்கிறார், அவர் கணக்குப்படி ஒன்பது நாள் நேற்றே முடிந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு கணக்கு! சத்தம் நின்றது. கோடு நடுங்குவதை நிறுத்திவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் படுத்தபடி ஊர்ந்தது. நாற்பத்திரண்டாவது நிமிடம். அறையில் நான் மட்டும்.

மேசையின் விளிம்பில் ஒரு கையை வைத்தேன். உடம்பைக் கொஞ்சம் சாய்த்தால் போதும். சாய்ப்பதுகூட வேண்டாம், முழங்காலால் ஒரு இடி. அது அக்காவுக்கு நான் செய்கிற உபகாரம் என்றுதான் தோன்றியது, சத்தியமாக. இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஈடு. யாருக்கும் தெரியப்போவதில்லை. முழங்காலைத் தூக்கினேன்.

"கையை எடு."

அக்கா வாசலில் நின்றார். எடுத்தேன்.

"சாயலக்கா. சும்மாதான் வச்சேன்."

"தெரியும். சாஞ்சிருந்தா அங்க தெரிஞ்சிருக்கும்." திரையைக் காட்டிவிட்டுத் தன் முக்காலியில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, டிரில்லுலயே அறுந்திருக்கும்க்கா. இப்ப அறுந்தா யாரு கேக்கப் போறா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஆமா. நீ சொல்ல மாட்டே. ரெண்டு மாசம் சொல்லாம இருந்தவன்தானே."

நான் நோட்டைப் பார்த்தேன்.

"கேள்விக்குறி போட்டியே, அது கீழே தேதியும் போட்டிருக்கே." அக்கா என் பக்கம் திரும்பாமல் பேசினார். எங்கள் லேபில் நோட்டில் ஒரு புள்ளி வைத்தாலும் தேதி போட வேண்டும் என்பது சட்டம். நாலு வருடத்தில் கை தானாகவே போட்டுவிடும். என் கை போட்டிருக்கிறது. நான் கவனிக்கவேயில்லை.

"எப்பக்கா பார்த்தீங்க?"

"நீ 'நேத்துதான்'னு சொல்றப்பவே பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

"ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா சண்டை போடணும். ஒன்பது நாளா இந்த ரூம்ல சத்தம் போட முடியுமா?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இப்ப வேண்டாம்," என்று கையைக் காட்டினார். "நீ அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு மாசம் இருந்திருக்கும். ஆறு கிண்ணம் வச்சிருப்பேன். அதை மட்டும் தெரிஞ்சுக்கோ. உக்காரு."

முக்கால் மணி நேரம் தாண்டியது. ஒரு மணி. இரண்டு மணி. ஒவ்வொரு நிமிடமாகக் கூழ்மம் அக்காவின் ஆய்வேட்டைக் கொறித்துக்கொண்டிருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றாவது மணியில் அக்கா அழுதார். தோள் குலுங்காமல், மூக்கை உறிஞ்சாமல், மேசைக்குத் தெரியாமல் அழுதார். நான் பார்த்த அழுகைகளிலேயே தாங்க முடியாதது அதுதான். நாலு மணிக்கு ஆறு மணி நேரம் முடிந்தது. கோடு படுத்தே இருந்தது. ஐந்தரைக்குத்தான் அது எழும்பியது. ஏழரை மணி நேரம்.

அக்கா நோட்டில் எழுதினார்: வயது ஒன்பது நாள். அடைப்புக்குறிக்குள், கடைசிக் குலுக்கலிலிருந்து. நாற்பதாவது நிமிடத்தில் டிரில் ஓடியதையும் எழுதினார். தேதி போட்டார்.

வாய்மொழித் தேர்வு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்கிற பொதுக் கூட்டம். முதல் வரிசையில் சார். கடைசி வரிசையில் மாமாவும் மகளும். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா மெல்லிய உடம்பு, மெல்லிய குரல், முன்னால் ஒரு பிளாஸ்க் வெந்நீர். அக்கா ஒன்று, இரண்டு, மூன்று அத்தியாயங்களைச் சொன்னார். நாலாவதில் மலை திரையில் வந்தது.

"இந்தப் படத்துல வலது பக்கம் இருக்கிற அஞ்சு புள்ளியும் தப்பு," என்றார் அக்கா.

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கூட்டம் ஒரு முறை அசைந்து அடங்கியது. அக்கா பழைய நோட்டின் பக்கத்தைத் திரையில் போட்டார். எறும்பு எழுத்து வரி பெரிதாகத் தெரிந்தது. ஓரத்தில் என் கேள்விக்குறி தெரிந்தது. அதன் கீழே தேதியும் தெரிந்தது.

அக்கா தன் அளவைச் சொல்லி முடித்ததும் தேர்வாளர் அம்மா வெந்நீர் ஒரு வாய் குடித்தார். "ஒரே ஒரு தடவைதானே அளந்திருக்கீங்க?"

"ஒரே தடவைதான், மேடம்."

"அப்ப இதையும் நம்ப முடியாது."

"முடியாது. இன்னும் பன்னிரண்டு வேணும்."

"ஓரத்துல இருக்கிற கேள்விக்குறி உங்களோடதா?"

"இல்ல மேடம். லேப்ல கூட வேலை செய்யறவர் போட்டது."

"தேதி ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இருக்கே?"

"எனக்குத் தெரிஞ்சது பன்னிரண்டு நாள் முன்னாடி," என்றார் அக்கா. மேடம் கேட்டதற்கு அது பதிலில்லை. ஆனால் அதில் ஒரு சொல் பொய் இல்லை. ஒரு நாள் கூடிப்போனதைக்கூட விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "மன்னிக்கணும், பதினொன்னு," என்று திருத்தவும் செய்தார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். தேர்வாளர் அம்மா சிரிக்கவில்லை. அவர் கண் வரிசை வரிசையாக வந்து, என் மேல் நின்று, கடந்து போனது. நான் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பி, அரை மணி கழித்து அக்காவை மட்டும் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவர் மாமாவுக்கு எதிரே போய் நின்றார்.

"நாலாவது அத்தியாயத்தைத் திரும்ப எழுதணும். ஆறு மாசம். கல்லூரிக்கு இப்பவே சொல்லிடணும், அவங்க காத்திருக்க மாட்டாங்க."

மாமா மகளின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தார், அது சரியாகத்தான் இருந்தது. பிறகு, "பெட்டியைப் பிரிச்சிடறேன்," என்றார். அந்தக் குரலில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. களைப்பு இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. லேபுக்கு வந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கதவுத் தாளின் முன் பேனாவோடு நின்றார். அடுத்த ஆறு மாதத்தில் பாதிக் கட்டங்களில் என் பெயர் இருந்தது. அவர் போய்விடுவார் என்று, ஆய்வேடு சமர்ப்பித்த வாரமே ஓடி ஓடி எழுதி வைத்திருந்தேன்.

"அக்கா, என் கட்டத்தையெல்லாம் நீங்களே எடுத்துக்கோங்க."

"எடுத்துக்கத்தான் வந்தேன்," என்றார் அக்கா. "உன்னைக் கேக்க வரல."

ஒவ்வொரு கட்டமாக என் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினார். என் ஆய்வு ஒரு வருடம் பின்னால் போகிறது என்பது எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு கட்டங்கள். ஒன்றுக்கும் நான் வாய் திறக்கவில்லை. திறக்க எனக்கு வாய் ஏது.